பனையில் இருந்து விழுந்தார், கெட்டது நுரையீரல்

திசையன்விளைப் பக்கம் எங்கள் மாமா பனையேறி. போன பதநீர் சீசனில் மரத்தில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, விலாவிலும் அடி. பாளையங்கோட்டைக்குக் கொண்டு வந்தபோது நன்றாகத்தான் பேசினார், நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம், அதனால் எல்லாருக்கும் கால் பற்றித்தான் கவலை. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 18,000. பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரைதான் இருக்க வேண்டுமாம். கிருமி ஏறிவிட்டது, ஏன் நல்ல ஊசி போடவில்லை என்று அத்தை வார்டிலேயே சத்தம் போட்டார். பலமான அடி பட்டாலே இந்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் இருந்து கிளம்பி வந்துவிடும், கிருமிதான் காரணம் என்று இல்லை என்றார் டூட்டி டாக்டர். யார் கேட்டார்கள்!

அன்று ராத்திரியே மாமாவுக்கு மூச்சு வாங்கியது. ரத்த ஆக்சிஜன் 84 சதவீதத்துக்கு இறங்க, அடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை வெளேர். ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் நிலை என்றார்கள். வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்துவிட்டார், இப்போது மரம் ஏறுவதில்லை. எனக்கு இன்னும் பிடிபடாதது இதுதான்: பெரிய அடி காலில், நுரையீரல் இரண்டும் ஏன் கெட வேண்டும்? வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

*

அண்ணாச்சி, நான் ஐசியூ நர்ஸ். நாலுவழிச் சாலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நசுங்கிய தசையில் இருந்து, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியா வம்சம், அதனால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அதையும் கிருமி என்றே எடுத்துக்கொண்டு முறுக்கேறிவிடுகிறது. 2010-இல் நேச்சர் இதழில் இந்த ஆய்வு வந்தது. உடம்பு ரத்தம் முழுவதும் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும், அங்கே உள்ள நுண்குழாய்களோ இந்த அணுவைவிடக் குறுகல். சாதாரணமாக நெளிந்து போய்விடும், முறுக்கேறியது விறைத்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் தன் நொதிகளைக் கொட்ட, குழாய்ச் சுவர் ஒழுகி, காற்றறைகளில் நீர் நிறைகிறது. தொடை எலும்பு முறிந்தால் மஜ்ஜைக் கொழுப்பும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும், அதுவும் முதல் இரண்டு மூன்று நாளில்தான் மூச்சைப் பிடிக்கும்.

இன்னொன்று, முறிவைச் சேர்க்கத் தொடை எலும்புக்குள் ராடு என்ற உலோகக் கம்பியை அடிப்பது அந்த உடம்புக்கு இரண்டாவது அடி. மூச்சு நிலையாக இல்லாதவருக்கு வெளியே கம்பிச் சட்டம் மட்டும் மாட்டிவிட்டு ராடைத் தள்ளிப் போடுவது அதற்காகத்தான். சொந்தக்காரர்கள் "ஏன் இழுத்தடிக்கிறீங்க" என்று எங்களிடம் சண்டைக்கு வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். சரி, மாமாவுக்கு ராடு எப்போது போட்டார்கள்?