ஐரோப்பிய ஏ.டி.பி.எல்.: விமானப் பிரிவா, ஹெலிகாப்டர் பிரிவா?

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருப்பதால், நம் ராமநாதபுரம் கடற்கரையில் விமானி என்றாலே கடற்படைதான் முதலில் நினைவுக்கு வரும். அவ்வாறு கடற்படையில் பணியாற்றி, பின்னர் டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் உரிமமும் பெற்று, அண்மையில் அயர்லாந்தில் குடியேறியிருக்கும் மண்டபத்துத் தம்பி ஒருவர், ஐரோப்பிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு (விமானிகளுக்கான மிக உயர்ந்த உரிமம்) எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐரோப்பிய விதிகளின்படி விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் ஏ.டி.பி.எல். தனித்தனி உரிமம், எழுத்துத் தேர்வுகளும் தனி. ஆகவே தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே பிரிவை முடிவு செய்தாக வேண்டும். அதற்கு லாக் புக்கை, அதாவது பறந்த நேரப் பதிவேட்டை, நெடுவரிசை வாரியாகக் கூட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கத்து மொத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தம்பியின் கணக்கையே பார்ப்போம். சேதக் ஹெலிகாப்டரில் 1,100 மணி, டோர்னியர் விமானத்தில் 600 மணி, ஆக 1,700. விமானப் பிரிவுக்குத் தேவை 1,500தானே என்று தோன்றும். ஆனால் அதில் ஹெலிகாப்டர் நேரத்தைப் பாதிவரை, அதாவது 750 மணிவரைதான் சேர்த்துக்கொள்வார்கள். மீதி 750 மணியும் விமானத்தில் பறந்ததாக இருக்க வேண்டும் என்பதால், அவருக்கு இன்னும் 150 மணி குறைகிறது. இது தவிர, இரு விமானிகள் சேர்ந்து இயக்கிய நேரம் 500 மணி வேண்டும். டோர்னியர் 228 ஒரே விமானி இயக்கவும் சான்று பெற்ற ரகம். எனவே இருவர் இயக்கியதாகப் படைப்பிரிவு தரும் எழுத்துச் சான்று மிகவும் அவசியம். சரி, ஹெலிகாப்டர் பிரிவுக்குப் போகலாமா என்றால், அங்கே கேட்கும் 1,000 மணி இருந்தாலும், அதில் 350 மணி இரு விமானி ரக ஹெலிகாப்டரில் பறந்ததாக இருக்க வேண்டும். சேதக் அந்த ரகமே அல்ல.

இந்த நிலையில் நான் சொல்வது, விமானப் பிரிவில் ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளை முடித்து, இப்போதைக்கு சி.பி.எல்.லும் (வணிக விமானி உரிமம்) இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) பெறுங்கள் என்பதுதான். பயணிகள் விமானத்தில் கோ-பைலட்டாகச் சேர அது போதும், எம்.சி.சி. பயிற்சியும் (விமானிகள் ஒருங்கிணைந்து இயக்குவதற்கான பயிற்சி) அந்தந்த விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும் கூட வேண்டியிருக்கும். குறையும் மணிநேரம் வேலையிலேயே சேர்ந்துவிடும்.

தேர்வு 13 பாடங்கள். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வேண்டும். அனைத்தையும் 18 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். ஒரு பாடத்தை நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. தேறிய பின் 36 மாதங்களுக்குள் சி.பி.எல்.லும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வாங்கிவிட வேண்டும். இந்திய ஏ.டி.பி.எல். வைத்திருப்பவர்களும் இத்தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும்.

பணம் செலவழியும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றை எடுத்துவிடுங்கள். உரிமமும் மருத்துவக் கோப்பும் ஒரே நாட்டின் ஆணையத்திடம் இருக்க வேண்டும் என்பதால், எந்த நாட்டில் நிலைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் அதற்கு முன்பே தீர்மானியுங்கள். பிரிட்டன் 2021 முதல் தனி அமைப்பாகிவிட்டது. அங்கே எழுதும் தேர்வு அயர்லாந்து உரிமத்துக்கு உதவாது. இன்னும் ஊரில் இருப்பவர்கள், படைப்பிரிவுச் சான்றையும் லாக் புக் கையொப்பங்களையும் கையோடு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். கடல் கடந்து வந்தபின் கடிதம் எழுதி அவற்றைப் பெறுவது எளிதன்று.