மறு: ‘குரோஸ் அப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

> ‘மொத்தப்படுத்தல்’ என்றே வைத்துவிடலாம். சொல் சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் ‘குரோஸ் அப்’ (கனடாவில் வரிக்கணக்குக்காகப் பங்கிலாபத்தை, அதாவது டிவிடென்டை, ஏற்றிக் காட்டுவது) என்பதற்கு அது சரிவராது. கேட்பவருக்கு வருடம் முழுக்க வந்த பங்கிலாபத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டுவது என்றுதான் படும். நடப்பது வேறு. கனேடியக் கம்பனி 138 டொலர் உழைத்து, அதில் ஏறக்குறைய 38 டொலரை வரியாகக் கட்டிவிட்டு மிச்சம் 100ஐ நமக்குத் தந்தது என்பதுதான் வரிச்சட்டம் போடும் கணக்கு. கைக்கு வந்தது 100, வருமானமாகக் காட்டவேண்டியது 138. முதலீட்டு வருமானத்துக்குத் தரும் ரி5 படிவத்தை எடுத்துப் பாருங்கள்: 24ஆம் பெட்டியில் 100, 25இல் 138, 26இல் 20.73. அந்த 20.73 மத்திய அரசின் வரியில் குறையும், ஒன்ராறியோவாசி என்றால் மாகாண வரியிலும் 13.80 குறையும். (இது பெரிய பொதுக் கம்பனிகள் தரும் ‘எலிஜிபிள்’ வகைக்கு. சிறு கம்பனி என்றால் ஏற்றுவது 15 வீதம்தான்.)

ஆக, கம்பனி கட்டிய வரியைத் தாளில் திரும்பக் கூட்டுகிறோம். அதனால் ‘மீள்கூட்டல்’ என்பேன். 138க்கு ‘மீள்கூட்டிய பங்கிலாபம்’. ஈவுத்தொகை என்று பழகியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும், அதில் சண்டை இல்லை.

> டிவிடென்ட் டக்ஸ் கிரெடிட் = பங்கிலாப வரிக்கடன்

அந்த 20.73க்கான பெயரில் கடன் மட்டும் வேண்டாம்! வரிக்கடன் என்றால் அரசுக்குக் கட்டாமல் விட்ட பாக்கி என்றுதான் எவரும் நினைப்பார். பற்று, வரவு என்று கணக்குப் புத்தகத்தில் காலம்காலமாக இருக்கிறதே, ‘வரிவரவு’ போதும்.

நான் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் உண்டு. குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான ஜி.ஐ.எஸ் உதவித்தொகை, பிள்ளைகளுக்கான கொடுப்பனவு எல்லாம் அந்த 138ஐ வைத்துத்தான் கணிக்கப்படுகின்றன. கையில் 100 வாங்கியவருக்கு 138க்கான வெட்டு விழுகிறது. வரிவரவு வரியைத்தான் குறைக்கும், இந்த வெட்டைச் சரிக்கட்டாது. ‘வங்கிப் பங்கு வாங்குங்கோ, வரியே இல்லை’ என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அப்புறம், மீள்கூட்டலும் வரிவரவும் சாதாரணத் தரகுக் கணக்கில் மட்டும்தான். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ரி.எஃப்.எஸ்.ஏக்குள் இரண்டுமே கிடையாது, வரியும் கிடையாது, ஆகவே ஜி.ஐ.எஸ் வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பியில் இருந்து எடுத்தால் பங்கிலாபம் என்ற அடையாளமே போய், சம்பளம் மாதிரி முழுத்தொகைக்கும் வரி.

> வித்ஹோல்டிங் டக்ஸ் = நிறுத்திவைத்தல் வரி

இலங்கையில் பழகிய சொல், ஆனால் ‘நிறுத்திவைத்தது’ பிறகு திரும்பி வரும் என்ற நினைப்பைத் தருகிறது. அமெரிக்கப் பங்கை ரி.எஃப்.எஸ்.ஏயில் வைத்தால், பங்கிலாபத்தைத் தருமுன்னே அமெரிக்கா பிடிக்கும் 15 வீத வரி போனது போனதுதான். நேரடியாக ஆர்.ஆர்.எஸ்.பியில் வைத்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி பிடிப்பதில்லை (கனேடிய ஈ.ரி.எஃப் (பங்குச்சந்தையில் விற்கும் கூட்டு நிதி) ஊடாக வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும்). சாதாரணக் கணக்கில் பிடித்தாலும் வெளிநாட்டு வரிவரவாகக் கழிக்கலாம். எனவே ‘மூலப்பிடித்தம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். வருமானம் கூடியவர்களிடம் முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குப் போன மடலில் ‘மீள்பிடிப்பு’ என்று ஒருவர் போட்டிருந்தார். மீள்கூட்டல், மீள்பிடிப்பு, மூலப்பிடித்தம் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் குழம்புமா? குழம்பும் என்றால் மாற்றவேண்டியது ‘மீள்பிடிப்பு’. வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.