குருதிச்சீரத் துளிக்கு மலிவான நீர்விலக்கி மேற்பரப்பு

கேள்வி (கிளிநொச்சி): வணக்கம். ஐதாக்கிய குருதிச்சீரத்தை 785 நானோமீற்றர் லேசரில் ராமன் நிறமாலைக்கு (மூலக்கூறுகள் சிதறவிடும் லேசர் ஒளியைப் பகுத்து அவற்றை இனங்காணும் முறை) உட்படுத்துகிறேன். சாதாரணக் கண்ணாடித் தட்டில் துளி பரவிக் காய்கிறது. கண்ணாடியின் ஒளிர்வும் நிறமாலையில் புரதம் காட்டும் மெல்லிய உச்சிகளை மூடிவிடுகிறது. ஒளிர்வு குறைந்த கல்சியம் புளோரைட்டுத் தட்டு வாங்க வசதியில்லை. துளி பரவாதிருக்க மெழுகுதிரிப் புகைக்கரி பூசலாமா?

பதில் (வவுனியா): புகைக்கரியில் துளி முத்தாக உருளும் என்பது உண்மைதான். ஆனால் 1350, 1580 அலைஎண்களை (நிறமாலையில் உச்சியின் இடத்தைக் குறிக்கும் எண், அலகு cm⁻¹) ஒட்டிய கரியின் அகன்ற பட்டைகள் புரத உச்சிகளை விழுங்கிவிடும். சமையலறை அலுமினியத் தாளை எதனோலால் துடைத்து, கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தினால் நுண்ணிய சொரசொரப்பு உண்டாகும். பின்பு எதனோலில் கரைத்த ஸ்டியரிக் அமிலத்தில் (மெழுகு போன்ற கொழுப்பமிலம்) ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, உலர்த்தி, தட்டில் சுருக்கமின்றி ஒட்டுங்கள். கழுவுவதில் சோம்பல் கூடாது: மிஞ்சிய அமிலம் 1063, 1130, 1295இல் தன் உச்சிகளைக் காட்டும். நம் குளத்துத் தாமரையிலையிலும் வேலை செய்வது இதே சொரசொரப்பும் மெழுகும்தான்.

பதில் (முல்லைத்தீவு): குழாய் பொருத்துவோரின் தெஃப்லோன் நாடா அவசரத்துக்கு உதவும், எனினும் அதன் 733, 1381 உச்சிகள் கூர்மையானவை. எதைப் பயன்படுத்தினாலும் வெற்று மேற்பரப்பின் நிறமாலையை முதலில் பதிவுசெய்யுங்கள்.

கேட்டவர்: நன்றி. அலுமினியத் தாளில் 2 மைக்ரோலீற்றர் துளியைக் காயவிட்டு, புரதம் திரண்ட விளிம்பில் லேசரைக் குவித்தேன். 1003இல் பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் உச்சி தெளிவாகத் தெரிகிறது.