மறுமொழி: இன்லைன் ஃபங்ஷன் = உள்வரிச் செயற்கூறு? (ஊடுசெயற்கூறு என்றால் என்ன?)

அண்ணாச்சி, வணக்கம்.

சி நிரல்மொழியில் இன்லைன் ஃபங்ஷன் என்றால், கூப்பிட்ட இடத்திலேயே தன் உடலை விரித்து வைக்கச் சொல்லும் செயற்கூறு (பெயர் வைத்த ஒரு நிரல் துண்டு). அதை 'உள்வரிச் செயற்கூறு' எனலாமா என்ற கேள்விக்குத்தான் இந்த மறுமொழி. 'உள்வரி' எனக்கு ஒட்டவில்லை. வீட்டில் சத்தமாகப் படித்தேன், பஞ்சாயத்தில் புதுசாக ஏதும் வரி போட்டிருக்கானா என்று கேட்கிறார்கள். இன்னொருவர் சொன்ன 'இடைச்செருகு' அதைவிட மோசம். ஏடு பார்த்துப் பதிப்பிக்கிறவர்களிடம் இடைச்செருகல் என்றால், எவனோ கள்ளத்தனமாக நுழைத்த பாட்டு. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பட்டம் மேக்ரோவுக்குத்தான் போக வேண்டும், பெயரைக் கண்ட இடத்தில் பொருள் பார்க்காமல் எழுத்தை மட்டும் எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற ஆள் அதுதானே. இருமடிக்கு க * க என்று மேக்ரோ எழுதி உள்ளே 2+3 கொடுத்தால் 25 வராது, 2+3 * 2+3 என்று விரிந்து 11 வரும்.

அதையாவது அடைப்புக்குறி போட்டுச் சரிக்கட்டலாம். நான் மாட்டியது வேறு இடத்தில். ஒரு மண்டித் தராசுக்கு நிரல் எழுதும்போது, எடை பூச்சியத்துக்குக் கீழே காட்டக் கூடாது என்று பெரிது(எடை_படி(), 0) என்று எழுதியிருந்தேன். எடை_படி() தராசிலிருந்து எடையைப் படிக்கும் செயற்கூறு, பெரிது என்பது இரண்டில் பெரியதைத் தரும் மேக்ரோ. தட்டு காலியாக இருக்கும்போது எப்போதாவது -1 கிராம் என்று மின்னி மறையும். இரண்டு ராத்திரி போச்சு. கடைசியில் பார்த்தால் மேக்ரோ விரிந்ததும் எடை_படி() இரண்டு இடத்தில் நிற்கிறது: ஒப்பிடுவதற்கு ஒரு தடவை படிக்கிறது, திருப்பித் தர இன்னொரு தடவை படிக்கிறது, நடுவில் தராசு லேசாக ஆடிவிட்டது. அதையே ஸ்டாடிக் இன்லைனாக (அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரியும் இன்லைன் ஃபங்ஷனாக) மாற்றினேன், உள்ளீட்டை ஒரே முறை கணக்கிட்டு மதிப்பை மட்டும் உள்ளே அனுப்பியது, தீர்ந்தது. கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) டைப்பையும், அதாவது தரவின் வகையையும், சரிபார்க்கும் என்பது கூடுதல் லாபம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். களக்காட்டுப் பக்கம் வாழை சின்னதாக இருக்கும்போது வரிசைக்கு நடுவில் உளுந்து போடுவார்களே, ஊடுபயிர். கூப்பிட்ட இடத்து வரிகளுக்கு நடுவிலேயே இந்தச் செயற்கூறின் உடலும் வந்து நிற்கிறது, ஆனால் தன் வேர், தன் மாறிகள் எல்லாம் தனி. அதனால் ஊடுசெயற்கூறு. வினைக்கு ஊடாக்கு, ஊடாக்கம்.

'ஊடு' என்றால் கோபித்துக்கொள்வது ஆச்சே என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். அதுவும் பொருத்தம்தான். 1999 தரத்தில் சி மொழிக்குள் வந்த 'இன்லைன்' என்ற சொல் கம்பைலருக்கு ஒரு வேண்டுகோள் மட்டுமே, அது முறுக்கிக்கொண்டு ஊடாக்காமலும் விடலாம். ஸ்டாடிக் போடாமல் வெறும் இன்லைன் என்று எழுதியவர்களுக்கு, ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காக நிரலைச் செதுக்குவது) இல்லாமல் கட்டும்போது, வெளியே தனி உடல் இல்லாததால், அப்படி ஒரு செயற்கூறே காணோம் என்று லிங்கர் (கட்டிய துண்டுகளை இணைப்பது) கைவிரிப்பது இதனால்தான்.

மேக்ரோவை மேக்ரோ என்றே விட்டுவிடலாம் அண்ணாச்சி. இரண்டு பெயரை ஒட்டி ஒரே பெயராக்குவது, பெயரையே சரமாக மாற்றுவது, இதெல்லாம் ஊடுசெயற்கூறால் ஆகாது, அந்த ஆள் எங்கேயும் போகப் போவதில்லை.