முதியோர் இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு: கூட வருபவர் நகரலாமா?

அனுப்பானடி மகள்:
அம்மாவுக்கு 78 வயது, மறதி நோய், அழகர்கோவில் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன வாரம் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போன பணியாளர், மருந்து வாங்கிட்டு வர்றேன் என்று அம்மாவைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு எல்லாம் மங்கலாகத் தெரியும் நேரத்தில் அம்மா எழுந்து வாசல் வரை நடந்து வந்துவிட்டார், ஒரு பூக்கார அம்மாதான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். இல்லத்தில் என்ன கேட்பது?

திருமங்கலத்தான்:
எழுத்தில் கேளுங்கள் சகோதரி. மறதி உள்ளவருடன் போகிறவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, மருந்து வாங்க இன்னொருவர் வேண்டும். கூடுதல் பணம் கேட்டால் கொடுத்துவிடலாம். மழுப்பினால் 14567, முதியோர் உதவி எண், கட்டணம் கிடையாது.

வில்லாபுரம் நர்ஸ்:
அந்தச் சொட்டு மருந்து கண்மணியை விரிக்கும், பார்வை தெளியச் சில மணி நேரம் ஆகும், மாடிப்படியில் தனியாக விடவே கூடாது. அப்புறம், மறதி உள்ளவர்கள் டாக்டர் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுவார்கள். அதனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தவர்தான் உள்ளே போக வேண்டும். உங்கள் போன் நம்பரை எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள்.

அனுப்பானடி மகள்:
நன்றிக்கா. நாளைக்கே கடிதம் எழுதுகிறேன். அடுத்த தடவை லீவு போட்டு நானே வருகிறேன்.