மண்ணில் புரண்டால் லுக்கிமியா வராதாம்!

தொண்ணூறடி ரோடு:
நம் மன்றத்தின் குழந்தை வளர்ப்பு இழையில் செம்பூர்வாசி போட்டதை இங்கே தனியாக எடுத்து வைக்கிறேன். அங்கேயே கிடந்தால் நாலு பேர் நம்பிவிடுவார்கள். "பிள்ளைகளை மண்ணில் புரளவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவிக் கழுவித்தான் ஆஸ்துமா, எக்ஸிமா என்ற தோல் அரிப்பு, லுக்கிமியா என்ற இரத்தப் புற்றுநோய் எல்லாம் வருகிறது. 1989இலேயே லண்டன் ஆய்வு நிரூபித்துவிட்டது." இதுதான் அவர் அருள்வாக்கு.

சார், ஆய்வைப் படித்தீர்களா, தலைப்போடு நிறுத்திக்கொண்டீர்களா? டேவிட் ஸ்ட்ராசன் எழுதியது அது. 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரிட்டிஷ் குழந்தைகளின் விவரம், 23 வயது வரைக்கும். அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைக்கு ஹே ஃபீவர், அதாவது மகரந்த ஒவ்வாமைத் தும்மல், குறைவு. அவ்வளவுதான். அவர் எண்ணியது அண்ணன் அக்காவை. மண் எங்கே?

செம்பூர்வாசி:
வந்துவிட்டாரய்யா. போன வருஷம் டெங்கு இழையில் பப்பாளி இலை நல்லது என்றதற்காகத் துரத்தினீர்கள், இந்த வருஷம் மண்ணா? அண்ணன் அக்காவிடமிருந்து தொற்றுவது கிருமிதானே, பிரசாதமா? மண்ணில் இருப்பதும் கிருமிதான். லுக்கிமியாவுக்கும் ஆதாரம் இருக்கிறது. மெல் கிரீவ்ஸ், லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 2018. முதல் வயதில் தொற்றே படாமல் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து என்று எழுதியிருக்கிறார். அவரைவிட உங்களுக்குத் தெரியுமோ?

மருந்துக்கடை:
கிரீவ்ஸ் சொன்னது அப்படியே இது இல்லை சார். அவர் பேசுவது குழந்தைகளுக்கு வரும் ஒருவகை லுக்கிமியாவை மட்டும். அதற்கு இரண்டு கட்டம். முதல் மரபணு மாற்றம் கருவிலேயே நடந்துவிடுகிறது, நூற்றில் ஒரு குழந்தை அதோடு பிறக்கலாம். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது. முதல் வருஷத்தில் சாதாரணத் தொற்றுகள் பட்டுப் பழகாமல் பிறகு ஒரு தொற்று வரும்போது இரண்டாவது மாற்றம் தூண்டப்படலாம் என்பது அவர் கருத்து. மற்றப் பிள்ளைகளோடு பழகட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

தொண்ணூறடி ரோடு:
நன்றி மருந்துக்கடை அண்ணே. மற்றப் பிள்ளைகளோடு! மண் எங்கே செம்பூர்வாசி?

முலுண்ட் அம்மா:
என் பையனுக்கு ஏழு மாதம், முழங்கை மடிப்பில் எக்ஸிமா. மாமியார் குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா? யாராவது சொல்லுங்கள்.

செம்பூர்வாசி:
மண் மண் என்று கத்துகிறவர் 2016இல் வந்த ஆமிஷ் ஆய்வைப் பார்க்கட்டும். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள், ஒரே மாதிரி வம்சம். ஆமிஷ் வீட்டுப் பிள்ளைகள் மாட்டுக்கொட்டகையை ஒட்டியே வளர்கிறார்கள், ஆஸ்துமா அவர்களிடம் ஹட்டரைட் பிள்ளைகளுக்கு இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். அவர்கள் வீட்டுத் தூசியை எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எலிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. போதுமா?

தொண்ணூறடி ரோடு:
தூசி! மாட்டுக்கொட்டகைத் தூசி! மண் எங்கே? சரி, மாடு எங்கே? உங்கள் பதினான்காவது மாடியில் கறவை மாடு நிற்கிறதா? உங்கள் செம்பூர் பக்கத்துக் காற்றில் இருப்பது மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகை. 2016 ஜனவரியில் மும்பை தேவ்நார் குப்பைமேடு எரிந்தபோது பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்தத் தூசியும் ஆஸ்துமாவுக்கு நல்லதோ?

நான் தாராவியில் பிறந்தவன். அப்பா காலத்திலிருந்து அங்கேதான். நாங்கள் விளையாடிய இடம் சாக்கடை ஓரம். மழைக்காலம் வந்தால் கால் முழுக்கச் சீழ்க்கொப்புளம், வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. மண் எங்கே என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேனே, இதோ மண்: பிப்ரவரி 10ஆம் தேதி பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள், 2015இலிருந்து. எதற்கு? மண் வழியாகப் பரவும் குடற்புழுவுக்கு. புழு இரத்தத்தைக் குடித்துப் பிள்ளை வெளுத்துப்போய்ச் சோர்ந்து கிடக்கும். இதை யாரும் எங்களிடம் "இயற்கை வாழ்வு" என்று விற்கவில்லை. சோப்பும் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்ல, முதலில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரவேண்டும் சார்.

செம்பூர்வாசி:
ஆரம்பித்துவிட்டார், தாராவி சரித்திரம். ஆய்வைக் கேட்டால் அப்பா கதை.

தொண்ணூறடி ரோடு:
ஆய்வா? எடுத்துக்கொள்ளுங்கள். கராச்சி, லான்செட் மருத்துவ இதழ், 2005. குடிசைப் பகுதிகளில் சோப்பைக் கொடுத்துக் கை கழுவச் சொன்னார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா 50 சதவீதம் குறைந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கு 53 சதவீதம், தோல் கொப்புளம் 34 சதவீதம் குறைவு. வெறும் சோப்பு. எங்கள் பிள்ளைகள் மாதிரிப் பிள்ளைகள். பதில் இருக்கிறதா?

செம்பூர்வாசி:
ஹா ஹா. அந்த ஆய்வுக்குக் காசு கொடுத்தது யார்? புராக்டர் அண்ட் கேம்பிள், சோப்புக் கம்பெனி! இதை ஏன் எழுதாமல் விட்டீர்கள் அண்ணாச்சி?

மருந்துக்கடை:
காசு கம்பெனியுடையதுதான். ஆனால் அதே ஆய்வில் கிருமிநாசினி கலந்த சோப்பையும் சாதாரணச் சோப்பையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசமே இல்லை. அதிக விலைக்கு விற்கிற சரக்கு தோற்றுப்போன முடிவைத்தான் வெளியிட்டார்கள். 2016இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ, டிரைக்ளோசான் உட்பட 19 ரசாயனங்களைச் சோப்புகளில் போடக்கூடாது என்று சொன்னதும் இதே காரணத்தால்தான்: சாதாரணச் சோப்பைவிட மேல் என்று கம்பெனிகளால் காட்ட முடியவில்லை, நீண்ட நாள் பாதுகாப்பையும் காட்டவில்லை.

முலுண்ட் அம்மா, கிருமிநாசினி ஊற்றவேண்டாம். எக்ஸிமா உள்ள தோல் ஏற்கெனவே விரிசல் விட்டது, எரிச்சல்தான் கூடும். பச்சைக் குழந்தையின் தோல் ரசாயனத்தை உள்ளே விடும், எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பும் நம்மைவிட அதிகம். 1972இல் பிரான்ஸில் மோராஞ்ச் என்ற குழந்தைப் பவுடரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாகக் கலந்தது. 204 குழந்தைகளுக்குப் பாதிப்பு, 36 பேர் இறந்தார்கள். எல்லாம் தோல் வழியாக.

செம்பூர்வாசி:
பார்த்தீர்களா! 36 குழந்தைகள்! இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்?

தொண்ணூறடி ரோடு:
நீங்கள் எங்கே சொன்னீர்கள்? நீங்கள் சோப்பு என்றீர்கள், அவர் சொல்வது பவுடர். அதுவும் தொழிற்சாலைத் தவறு, 6 சதவீதம் கலந்துவிட்டது. வெறும் சோப்பில் ஹெக்ஸாகுளோரோஃபீன் எங்கே? உங்கள் மண் எங்கே?

மாட்டுங்கா தாத்தா:
எங்கள் காலத்தில் வசம்பு உரைத்து நாக்கில் தடவுவோம், வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவோம், கடலை எண்ணெய் தேய்ப்போம். ஒன்றும் ஆகவில்லை.

மருந்துக்கடை:
தாத்தா, வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்காவில் 1968இலேயே தடை செய்தார்கள். எக்ஸிமா உள்ள தோலில் கடலை எண்ணெயும் வேண்டாம். அது கலந்த கிரீமை வெடித்த தோலில் தடவிய பிள்ளைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் என்று 2003இல் இங்கிலாந்து ஆய்வு வந்திருக்கிறது.

மாட்டுங்கா தாத்தா:
அமெரிக்கா, இங்கிலாந்து. என் ஐந்து பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள்.

செம்பூர்வாசி:
ஐந்து பிள்ளைகள்! கவனியுங்கள், அண்ணன் அக்கா! தாத்தாவே என் ஆதாரம்.

தொண்ணூறடி ரோடு:
அது ஸ்ட்ராசனுக்கு ஆதாரம், உங்களுக்கு இல்லை. அண்ணன் அக்கா உண்டு, மண் எங்கே? தாத்தா மாட்டுங்கா மாடி வீட்டில் வளர்த்தவர்.

மாட்டுங்கா தாத்தா:
என் வீடு கீழ்த்தளம். தெரியாததைப் பேசாதே தம்பி. உன்னைப் பொங்கல் விழாக் குழுவிலிருந்து ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறடி ரோடு:
எடுக்கவில்லை, நானே விலகினேன். கணக்கு கேட்டதால் விலக வைத்தார்கள். பந்தல் செலவை யார் கூட்டி எழுதினார் என்று சொல்லவா?

முலுண்ட் அம்மா:
சாதாரணச் சோப்பு போடலாமா, அதுவும் கூடாதா?

செம்பூர்வாசி:
கணக்கா! பப்பாளி இலையில் பிளேட்லெட் ஏறியதற்கு நான் ரிப்போர்ட் போட்டேனே, அதைப் பார்க்காமல் ஓடியவர் கணக்கு பேசுகிறார்.

தொண்ணூறடி ரோடு:
ஏழாவது நாள் பிளேட்லெட் தானாகவே ஏறும் சார், டெங்கு காய்ச்சலின் போக்கே அதுதான். இலை குடிக்காத உங்கள் மைத்துனருக்கும் ஏறியதே, அந்த ரிப்போர்ட்டை ஏன் போடவில்லை? டெங்கு இழையில் நான் கேட்டது அப்படியே நிற்கிறது. அங்கே வாருங்கள்.