ஏரி வரத்துக் கால்வாய் ஓரம் ரோடு வேலை: சேறும் தாரும் தண்ணீரில் கலக்காமலிருக்க

வேலூர் மாவட்டத்தின் மூன்று ஊர் உறுப்பினர்கள் சொல்வது:

அணைக்கட்டு ஊர் உறுப்பினர்:
ஒடுகத்தூர் பக்கம் மலையடிவார ரோட்டை அகலப்படுத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் தப்பு, வெட்டின மண்ணை வரத்துக் கால்வாய்க் கரையிலேயே குவிப்பதுதான். ஐப்பசிக்குள் அள்ளிவிடலாம் என்ற கணக்கு வேலூருக்கு ஒத்துவராது. இங்கே ஆவணி, புரட்டாசியிலேயே சாயங்கால இடிமழை கொட்டும். ஒரே மழையில் குவியல் கரைந்து ஏரி தூர்ந்துவிடும். மண்ணை மேட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, அடியைச் சுற்றி மணல் மூட்டை வையுங்கள்.

ரோட்டோரக் கால்வாயில் சேறு தங்குவதற்கு மணல் மூட்டைத் தடுப்பு கட்டும்போது நடுப்பகுதி ஓரங்களைவிட அரை அடி தாழ்ந்திருக்கட்டும். சமமாக அடுக்கினால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிப்போய்க் கரையை அரித்துவிடும். கீழ்த் தடுப்பின் தலையும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 100 அடிக்கு 5 அடி சரிவு, தடுப்பு ஒன்றரை அடி உயரம் என்றால் 30 அடிக்கு ஒன்று. பாதி உயரம் சேறு நின்றதும் வாரிவிட வேண்டும். வாரின சேற்றைப் பக்கத்திலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளேதான் போகும்.

குடியாத்தம் உறுப்பினர்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. பல இடங்களில் பச்சை நிழல்வலையைக் கட்டிவிட்டு, சேறு தடுக்கும் வேலி என்கிறார்கள். அதில் களிமண் நிற்காது, மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ துணிதான் வேண்டும். சவுக்குக் கம்பு 6 அடிக்கு ஒன்று, சரிவின் கீழ்ப்பக்கம். துணியின் அடியை அரை அடி பள்ளத்தில் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குங்கள். ஓடைக்குக் குறுக்கே மட்டும் கட்டாதீர்கள், முதல் வெள்ளத்திலேயே பிய்ந்துவிடும்.

காட்பாடி உறுப்பினர்:
தார் எமல்ஷனை, அதாவது ரோட்டில் அடிக்கும் தண்ணீர் கலந்த தாரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அடித்தவுடன் காபி நிறத்தில் இருக்கும். உள்ளிருக்கும் தண்ணீர் பிரிந்து கன்னங்கரேலென்று மாறும்வரை அது ரோட்டில் ஒட்டவில்லை என்று பொருள். அதற்குள் தூறல் விழுந்தால் பழுப்பு நுரையாகக் கால்வாய்க்கு ஓடிவிடும். பழைய தார் ரோட்டின் மேல் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் போதும், கூடுதலாக அடித்தால் வழியத்தான் செய்யும். மேகம் கறுத்தால் ஸ்ப்ரேயரை நிறுத்திவிடுங்கள்.

சிறுபால வேலையில் கான்கிரீட் மிக்சர் கழுவின தண்ணீருக்குச் சுண்ணாம்பு போலக் கடுமையான காரத்தன்மை உண்டு, மீன் செத்துப்போகும். குழி வெட்டி தார்ப்பாய் விரித்து அதில் கழுவுங்கள், இறுகியதும் உடைத்து அள்ளலாம். பாலாறு காய்ந்துதானே கிடக்கிறது என்று அந்தத் தண்ணீரை ஆற்று மணலில் ஊற்றுவதும், ஜேசிபிக்கு அங்கேயே டீசல் நிரப்புவதும் பெரிய கொடுமை. கரையோரக் கிணறுகளுக்கெல்லாம் அந்த மணலுக்கடியில் ஓடும் ஊற்றுதான் தண்ணீர்.